உள்ளே வெளிர், மேலே மஞ்சள்: ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலின் பொற்தோல்

தங்கத் துண்டு ஒன்றின் மேற்பரப்பை அளந்தால் 22 காரட்டை ஒட்டி வருகிறது. அதே துண்டில் கண்ணில் படாத ஓரத்தை மயிரிழை சுரண்டி அளந்தால் 15, 16 என்று இறங்கிவிடுகிறது. கருவியில் பழுதில்லை. முலாம் பூசியதற்கான தடயமும் இல்லை, முலாமுக்குப் பயன்படும் பாதரசம் ஏதும் தென்படவில்லை. மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒரே உலோகம்தான். மேலே மட்டும் வெள்ளியும் செம்பும் காணாமல் போயிருக்கின்றன. அவை எப்படிப் போயின, யார் எடுத்தது, எதற்காக எடுத்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

2009 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் லிச்ஃபீல்டுக்குப் பக்கத்திலுள்ள ஹாமர்விச் ஊரில், உழுத வயல் ஒன்றில் உலோகம் கண்டறியும் கருவியில் இந்தப் புதையல் சிக்கியது. 2012-ல் அதே வயலைத் திரும்ப உழுதபோது மேலும் 81 துண்டுகள் வந்தன. மொத்தம் ஏறக்குறைய 4,600 துண்டுகள். தங்கம் 4 கிலோவை நெருங்குகிறது, வெள்ளி சுமார் 1.7 கிலோ. பெரும்பாலானவை வாளின் பிடியை அலங்கரித்த குமிழ்த் தொப்பிகள், வளையங்கள், தகடுகள். பெண்கள் அணியும் நகை என்று அடையாளம் சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமே இல்லை. 6-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 7-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செய்யப்பட்டவை இவை. பிடியிலிருந்து பிடுங்கி, வளைத்து, நெளித்து, 650-க்கும் 675-க்கும் இடையில் நடு இங்கிலாந்தில் இருந்த மெர்சிய அரசின் நிலப்பகுதியில் புதைத்திருக்கிறார்கள். பிடுங்கியபோது ஏற்பட்ட இந்தச் சேதம் பின்னால் நமக்குப் பெரிய உதவி செய்யப்போகிறது.

கம்பியும் அடித்தகடும்

வாள்பிடி வளையம் ஒன்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். அடியில் மெல்லிய தங்கத் தகடு. அதன்மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள மணிக்கம்பி ஓடி, தன்னையே கடிக்கும் பாம்பாகவும் பின்னலாகவும் சுருள்கிறது. மணிக்கம்பி என்றால் மணிகளைக் கோத்தது அல்ல. உருண்டைக் கம்பியைக் கூர்விளிம்புள்ள கருவியின் கீழே உருட்டினால் சம இடைவெளியில் பள்ளம் விழும்; பள்ளங்களுக்கு நடுவே எஞ்சுவது மணிபோல் தெரியும். கருவி சற்றே சாய்ந்தாலும் பள்ளம் மறையாணிபோல் சுற்றிக்கொண்டு போகும். அந்தத் தவறும் அக்கால இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் வேலைகளில் பார்க்கக் கிடைக்கிறது.

கம்பியை அந்நாளில் பெரும்பாலும் இன்றுபோல் துளைத்தகட்டில் இழுத்து எடுக்கவில்லை. தகட்டிலிருந்து குறுகிய பட்டையை நறுக்கி, முறுக்கி, இரு பலகைகளுக்கு நடுவே உருட்டி உருண்டையாக்கினார்கள். இழுத்த கம்பியில் கோடுகள் நீளவாக்கில் நேராக ஓடும். முறுக்கி உருட்டிய கம்பியில் ஒரு மெல்லிய தையல்கோடு சுற்றிச் சுற்றிப் போகும். இரண்டையும் பிரித்தறிய அந்தக் கோடு போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தங்கத்தின்மேல் தங்கக் கம்பியை வைத்தால் வேலைப்பாடு எடுபடாது. கையெட்டும் தொலைவில் நிழல் காப்பாற்றும். விருந்துக்கூடத்தின் தீவெளிச்சத்தில் பத்தடி தள்ளி நின்றால் எல்லாமே ஒரே மினுக்கம். ஸ்டாஃபர்ட்ஷயர் துண்டுகள் பலவற்றில் தகட்டுக்கும் கம்பிக்கும் நிறம் ஒன்றல்ல. தகடு ஆழ்ந்த மஞ்சள், கம்பி அதைவிட வெளிர். இரண்டின் உட்கலவையும் அவ்வளவு தூரம் வேறுபடவில்லை. வேறுபடுவது தகட்டின் தோல்.

எப்படி அளந்தார்கள்

நகைக்கடைகளில் ‘காரட் மீட்டர்’ என்று வைத்திருக்கிறார்களே, அந்த எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி தங்கத்துக்குள் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரைதான் எட்டிப் பார்க்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த பகுப்பாய்வு அதற்கும் மேலோட்டமானது, ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு பிடிபடும். தோல் சில மைக்ரான் கனமாக இருந்தால் எலக்ட்ரான் கருவிக்குத் தோல் மட்டுமே தெரியும். காரட் மீட்டருக்குத் தோலும் உள்ளுடலும் கலந்து தெரியும். இரண்டுமே உண்மையான உட்கலவையைச் சொல்லாது.

பழங்கால உலோகங்களை ஆராயும் எலெனார் பிளேக்லாக்கும் உடன் பணியாற்றியவர்களும் புதையலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் மேற்பரப்பை ஒருமுறை, ஒதுக்குப்புறத்தில் ஊசிமுனை அளவுக்குச் சுரண்டிய உட்பரப்பை ஒருமுறை என்று அளந்து ஒப்பிட்டார்கள். உள்ளே 12 முதல் 18 காரட் வரையுள்ள பொருள்கள் மேலே 21 முதல் 23 வரை காட்டின.

நம்மூர் உரைகல் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. முதல் இழைப்பில் வரும் கோடும், அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்த பிறகு வரும் கோடும் வேறு நிறமாக இருந்தால் நகையை மறுபடி பார்க்க வேண்டும் என்பது பழைய எச்சரிக்கை.

அடர்த்தியை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், காசுக்கு அது சரிவரும். தூய தங்கம் கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், வெள்ளி 10.5. முக்கால் பங்கு தங்கமும் கால் பங்கு வெள்ளியும் சேர்ந்தால் சுமார் 16. நீரில் நிறுத்தால் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே மண்ணும் மெழுகும் கல்லும் அடைந்த, பொள்ளலான வாள்குமிழை நீரில் நிறுத்து என்ன பயன்?

மண் செய்ததா, மனிதன் செய்ததா

இந்த வழக்கின் கடினமான பகுதி இதுதான். 1,300 ஆண்டுகள் ஈரமண்ணில் கிடந்தால் தங்கக் கலவையின் மேற்பரப்பிலிருந்து செம்பும் வெள்ளியும் தாமாகவே கரைந்து வெளியேறும். அது இயற்கை. அப்படியிருக்க, பொற்கொல்லர் வேண்டுமென்றே செய்தார் என்று எதை வைத்துச் சொல்வது?

முதலில் கிழிந்த விளிம்புகளைப் பார்க்க வேண்டும். புதைப்பதற்குச் சற்று முன்புதான் இவற்றைப் பிடுங்கினார்கள். கிழிந்த இடத்தில் திறந்த புது உலோகமும் முகப்புத் தகடும் அதே மண்ணில் அதே காலம் கிடந்தன. மண் மட்டுமே காரணமென்றால் இரண்டிலும் இழப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். முகப்பில் கனமான தோலும் கிழிசலில் மெல்லிய தோலும் இருந்தால், வித்தியாசம் பட்டறையில் ஏற்பட்டது.

அடுத்து, ஒரே பொருளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் உறுப்புகள். கம்பியையும் அதன் அடித்தகட்டையும் பிரித்துப் பார்த்து, தகட்டில் மட்டும் அதிகம் கரைக்கும் மண் கிடையாது.

மூன்றாவதாக, போனது செம்பா வெள்ளியா என்ற கேள்வி. இதுதான் வழக்கைத் தீர்க்கிறது என்பது நம் கருத்து. பற்றவைக்கும் ஒவ்வொரு தடவையும் சூட்டில் செம்பு மேலே வந்து கருக்கும். அதைப் புளித்த காடியில் போட்டெடுத்தால் செம்புக் கறை கரைந்து மஞ்சள் சற்றுக் கூடும். எந்தப் பட்டறையிலும் அன்றாடம் நடப்பது அது, யாரும் திட்டமிட வேண்டாம். ஆனால் காடி வெள்ளியைத் தொடாது. வெள்ளியைக் கரைக்கும் வெடியுப்புத் திராவகமோ (நைட்ரிக் அமிலம்) ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் பழக்கத்துக்கு வந்தது. ஆகவே 7-ம் நூற்றாண்டுத் தகட்டின் தோலில் வெள்ளி வெகுவாகக் குறைந்திருந்தால், தற்செயல் என்று தள்ள முடியாது. உப்பு வேலை செய்திருக்கிறது.

புடம்

‘புடம்போட்ட தங்கம்’ என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்வதன் பின்னால் இருக்கும் வேலை இதேதான். தங்கத்தை உருக்காமல், உப்பும் செங்கற்பொடியும் சூழ மூடிய கலத்தில் வைத்துச் சூடேற்றினால் வெள்ளி வெளியே வரும். மேற்கு ஆசியாவில் லிடியர்களின் சார்டிஸ் நகரிலேயே, கி.மு. 6-ம் நூற்றாண்டில், இந்த முறையில் தங்கத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். வடக்கு ஐரோப்பாவில் எழுத்தில் தெளிவாகச் சொன்னவர் தியோபிலஸ் என்ற துறவி, 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சுட்ட ஓட்டுப்பொடி இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, ஈரப்படுத்தச் சிறுநீர். தகடுகளையும் பொடியையும் அடுக்கடுக்காக வைத்து, களிமண்ணால் மூடி ஒரு பகல் ஓர் இரவு தீ. யார்க் நகரின் காப்பர்கேட்டில் வைக்கிங் காலப் படிவங்களில் இதற்குப் பயன்பட்ட மண்கலத் துண்டுகளே கிடைத்திருக்கின்றன.

உள்ளே நடப்பது இது. சூட்டில் உப்பும் செங்கல்லின் இரும்பும் மணற்சத்தும் ஈரமும் சேர்ந்து குளோரின் சார்ந்த ஆவிகளை விடுகின்றன. அவை வெள்ளியைப் பிடித்து வெள்ளிக் குளோரைடாக்குகின்றன. அது 455 டிகிரியிலேயே உருகிவிடும். உருகியதைச் செங்கற்பொடி உறிஞ்சிக்கொள்ளும். செம்பும் அப்படியே போகும். தங்கம் அசையாமல் நிற்கும். மேற்பரப்பில் வெள்ளி குறைந்ததும் உள்ளிருந்து வெள்ளி அணுக்கள் மெல்ல மேலேறி வரும், அவையும் பிடிபடும். முழுத் தகட்டையும் சுத்தமாக்க ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். தோல் மட்டும் போதுமென்றால் மிகக் குறைந்த நேரம் போதும்.

எவ்வளவு வெள்ளி போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கால் மில்லிமீட்டர் கனமும் உள்ள தகடு. கலவையில் கால் பங்கு வெள்ளி. எடை 4 கிராம், அதில் வெள்ளி 1 கிராம். இரு பக்கமும் 5 மைக்ரான் ஆழத்துக்கு வெள்ளி முழுவதும் போனால் இழப்பு 40 மில்லிகிராம். மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்குதான், ஆனால் பச்சை கலந்த வெளிர் மஞ்சளாக இருந்த தகடு பத்தரை மாற்றாக மாறிவிடும்.

சூளை இல்லாமலும் செய்யலாம். உப்போடு படிகாரமும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்த பசையைத் தகட்டில் பூசிக் குறைந்த சூட்டில் வாட்டினாலும் இதே திசையில் வேலை நடக்கும். மெல்லிய தகட்டுக்கு இதுவே பாதுகாப்பானது என்று தோன்றுகிறது.

எந்த வேலை முதலில்

கம்பி வெளிர், தகடு ஆழ்ந்த மஞ்சள் என்றால் ஒன்று உறுதி: தகட்டுக்கு நிறம் கொடுத்த பிறகுதான் கம்பியைப் பற்றவைத்தார்கள். சேர்த்த பிறகு புடமிட்டால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். அதோடு, பற்றில், அதாவது இரண்டையும் ஒட்டவைக்கும் உலோகத்தில், செம்பு கூடுதல். உப்பு முதலில் அதைத்தான் தின்னும், கம்பி கழன்றுவிடும்.

ஆனால் நிறம் கொடுத்த தகட்டை மறுபடி தீயில் காட்டுவது ஆபத்து. சூடு அதிகமானாலும் நேரம் நீண்டாலும் உள்ளிருக்கும் வெள்ளி மேலேறித் தோல் வெளுத்துவிடும். ஆகவே பற்றவைப்பு ஒரே ஊதலில் முடிய வேண்டும். அதற்கு ஏற்ற பழைய முறை ஒன்று உண்டு. பச்சைச் செம்புத் தாதான மலாக்கைட்டை நுணுக்கி, பிசினில் குழைத்து, கம்பியைத் தகட்டில் ஒட்டி உலர விடுவது. கரிநெருப்பில் பிசின் கரியாகும். கரி செம்புத் தாதைச் செம்பாக மாற்றும். அந்தத் துளிச் செம்பு தொடும் இடத்தில் மட்டும் தங்கத்தோடு கலந்து உருகும். தங்கமும் செம்பும் சேரும்போது உருகுநிலை ஏறக்குறைய 910 டிகிரி வரை இறங்குகிறது, தூய தங்கத்துக்கோ 1,064. தனியாகப் பற்றுத்துண்டு வைக்கவே தேவையில்லை.

சிக்கல் என்னவென்றால், இங்கே தகடே தூய தங்கம் அல்ல. வெள்ளியும் செம்பும் கலந்த 16 காரட் தகடு 900 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கலாம். பற்று ஓடும் சூட்டுக்கும் தகடு சரியும் சூட்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல். வெப்பமானி இல்லாத பட்டறையில், மங்கிய வெளிச்சத்தில் உலோகத்தின் சிவப்பைப் பார்த்து ஊதுகுழலை விலக்குவதுதான் ஒரே வழி.

கெட்டுப்போகும் இடங்கள்

உப்பு 801 டிகிரியில் உருகும். புடத்தின் சூடு அதைத் தாண்டினால் பொடி கண்ணாடிபோல் இறுகி, ஆவி போகும் துளைகளை அடைத்துவிடும். தகடு திட்டுத்திட்டாக நிறம் மாறி வெளியே வரும், சில இடத்தில் பொடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைச் சுரண்டினால் தோலும் போகும்.

நேரம் கூடினால் வேறு தொல்லை. வெள்ளி வெளியேறிய இடம் காலியாகத்தான் கிடக்கும். தோல் கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்திருக்கும். புடத்திலிருந்து எடுத்த தகடு பார்க்க அழகாகவே இராது, மங்கிய பழுப்பு. கல்லாலோ விலங்கின் பல்லாலோ அழுத்தி மெருகிட்டால்தான் துளைகள் மூடி மஞ்சள் எழும். தோல் அளவுக்கு மீறித் தடித்தால் மெருகுக் கருவியின் கீழே பொடிந்து உரியும். கால் மில்லிமீட்டர் தகடு இரு பக்கமும் பஞ்சானால் மடிக்கும் இடத்தில் கீறல் விடும்.

மெருகிடலாம், அராவக் கூடாது. அரமோ தேய்கல்லோ பட்ட இடத்தில் உள்நிறம் வெளியே வந்துவிடும். மெல்லிய தங்கச் சுவர்களால் சிற்றறைகள் எழுப்பி அவற்றில் கல் பதிக்கும் அறைவேலையில் இது தவிர்க்க முடியாத இடர். அங்கே கல்லையும் அறைச்சுவரையும் ஒரே மட்டமாக்கச் சுவரின் தலையைத் தேய்த்தால், தோல் இருந்தாலும் போய்விடும். கையில் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த குமிழ்முனைகளிலும் இதே கதைதான்.

ஏமாற்றா, அழகா

‘மட்டத் தங்கத்தை உயர்த்திக் காட்டிய பித்தலாட்டம்’ என்று சொல்லிவிடுவது எளிது. காரணமும் இல்லாமல் இல்லை. அன்றைய இங்கிலாந்தில் தங்கத்தின் முக்கிய ஊற்று கடல்தாண்டி வந்த காசுகள். இன்றைய பிரான்ஸை ஒட்டிய பகுதிகளை ஆண்ட மெரோவிங்கிய அரசின் திரெமிஸ்ஸிஸ் என்ற சிறு தங்கக்காசு ஒன்றின் எடை சுமார் 1.3 கிராம். 1939-ல் கிழக்கு இங்கிலாந்தின் சட்டன் ஹூ கப்பற்கல்லறையில் கிடைத்த பணப்பையில் அப்படி 37 காசுகள் இருந்தன. 6-ம் நூற்றாண்டின் இறுதியில் 90 விழுக்காட்டை ஒட்டியிருந்த அந்தக் காசின் மாற்று (தங்கத்தின் தூய்மை), 7-ம் நூற்றாண்டு முழுக்க இறங்கிக்கொண்டே போய், 670-களில் தங்கக்காசு என்று சொல்லவே கூச்சப்படும் நிலைக்கு வந்தது. பிறகு வெள்ளிக்காசு அதன் இடத்தைப் பிடித்தது. காசை உருக்கி நகை செய்பவரின் கைக்கு வரும் உலோகம் ஆண்டுக்கு ஆண்டு வெளுத்துக்கொண்டிருந்தது.

ஆனாலும் ஏமாற்று என்ற வாதம் நமக்கு ஒப்பவில்லை. ஏமாற்ற நினைப்பவர் கம்பியை வெளிராக விட்டுவைக்க மாட்டார். கண்ணில் முதலில் படுவதும் கைவிரல் தடவுவதும் கம்பிதான். பின்னணியை மட்டும் ஆழமாக்கி, கம்பியை வெளிரில் நிறுத்தியவர் நிறத்தைக் கொண்டு வரைகிறார்.

இதனால் பழைய கணக்கொன்று ஆட்டம் கண்டது. காசின் மாற்று காலத்தோடு இறங்கியது என்பதால், நகையின் மாற்றைக் காசின் மாற்றோடு ஒப்பிட்டு நகைக்கு ஆண்டு குறிக்கும் வழக்கம் 1960-களிலிருந்து இருந்தது. அன்று அளந்தவை பெரும்பாலும் மேற்பரப்புகள். மேற்பரப்பு 22 காரட் காட்டினால் நகை ‘நல்ல காசு’ காலத்தது, அதாவது பழையது என்று ஆகிவிடும். உள்ளே 15 என்றால் நகையை அரை நூற்றாண்டு பழையதாக்கிவிட்டோம். இனி உட்கலவை தெரியாமல் இந்த ஒப்பீட்டைத் தொடாமலிருப்பதே நல்லது.

கல்லுக்கடியில் இருக்கும் ரேக்கு

புதையலில் சிவப்புக் கார்னெட் கற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நம் கோமேதகமும் அதே கார்னெட் குடும்பம்தான், நிறம் வேறு. சிறிய கற்கள் இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவிலிருந்தும், பெரியவை இந்தியாவிலிருந்தும் போனவை என்று வேதிக் கலவை காட்டுகிறது. அதே காலத்து மெரோவிங்கிய நகைகளில் இலங்கைக் கற்களும் உண்டு. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த கல்லை அறைக்குள் அப்படியே வைத்தால் கறுப்பாகத்தான் தெரியும். அதனால் அடியில் வெண்கல அச்சில் அழுத்தி எடுத்த, நுண்கட்டங்கள் நிறைந்த மிக மெல்லிய தங்கத் தகடு, அதாவது ரேக்கு. அதற்கும் அடியில் தேன்மெழுகு, சுண்ணக்கல் பொடி போன்ற நிரப்புப் பசை. ஒளி கல்லுக்குள் போய், கட்டங்களில் பட்டுச் சிதறித் திரும்பும். மெழுகு இருப்பதால் கல் பதிப்பது எப்போதுமே கடைசி வேலை. அதன்பிறகு தீயும் இல்லை, புடமும் இல்லை.

சுத்தம் செய்தவர்களின் முள்

மண் அப்பிய துண்டுகள் பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக் கூடத்துக்கு வந்தபோது, மணிக்கம்பியின் பள்ளங்களுக்குள் களிமண் இறுகியிருந்தது. எஃகுக் கத்தியின் முனை பட்டால் தங்கத்தில் கோடு விழும். சில மைக்ரான் தோல் அந்தக் கோட்டோடு போய்விடும், கருவியடையாளங்களும் அழியும். அங்கே பணிசெய்தவர்கள் பெர்பெரிஸ் செடியின் முட்களைப் பிடியில் மாட்டிக்கொண்டார்கள். மண்ணைக் கிளறும் அளவுக்கு உறுதி, தங்கத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. நுண்ணோக்கியைப் பார்த்தபடி ஒரு பள்ளம், அடுத்த பள்ளம் என்று மண்ணைக் குத்தி எடுப்பார்கள். முனை மழுங்கியதும் வேறு முள்.